டோஸ்ட் மேல் பீன்ஸ்: டின்னைத் திறப்பதா, நாமே வைப்பதா?

பிரிட்டனில் படிக்கவோ வேலைக்கோ போய் இறங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே அறிமுகமாகிவிடும் சாப்பாடு பீன்ஸ் ஆன் டோஸ்ட். தக்காளி சாஸில் கிடக்கும் வெள்ளை பீன்ஸை டின்னிலிருந்து எடுத்துச் சூடு பண்ணி, வெண்ணெய் தடவிய டோஸ்ட் மேல் கொட்டினால் வேலை முடிந்தது. பார்த்தால் சாப்பாடு மாதிரியே தெரியாது, முதல் வாயிலேயே இனிப்பு வேறு அடிக்கும், இதையா இந்த ஊர்க்காரர்கள் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் பத்து நிமிடத்தில் தயாராகி, ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் அழுக்காக்கி, அடுத்த நான்கு மணி நேரம் பசியை அண்டவிடாத சாப்பாடு வேறு என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் தேறாது.

இதைக் கடமைக்கும் செய்யலாம், ருசியாகவும் செய்யலாம். எந்த டின், டின்னே வேண்டாமா, எந்த பிரெட், மேலே சீஸா முட்டையா என்று முடிவெடுக்க வேண்டிய இடங்கள் நிறைய. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டின்னில் காசைக் கொட்ட வேண்டாம், மலிவானதை வாங்கி அடுப்பில் எட்டு நிமிடம் கவனியுங்கள், மிச்சமாகும் காசுக்கு நல்ல பிரெட்டும் சீஸும் வாங்குங்கள். இனி ஒவ்வொன்றாக.

பீன்ஸ் என்றதும் பொரியலுக்கு நறுக்கும் பச்சைக் காயை நினைக்க வேண்டாம். டின்னில் இருப்பது ஹாரிகாட் என்கிற சின்ன வெள்ளைப் பயறு, அமெரிக்காவில் நேவி பீன்ஸ் என்பார்கள். நம் பொரியல் பீன்ஸ், ராஜ்மா, இது மூன்றுமே ஒரே செடி இனம்தான். பிஞ்சாகப் பறித்தால் காய், முற்றிக் காய்ந்தபின் உரித்தால் பயறு. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் சொந்தச் சொத்து மாதிரி நினைக்கும் இந்த டின்னில் உள்ள பயறு பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வருவது, சமையல் முறையும் அங்கிருந்து வந்ததுதான். இந்த டின்னுக்குப் பெயர்போன அமெரிக்க ஹைன்ஸ் கம்பெனிக்காரர் 1886-இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக்குத் தன் சரக்கைக் கொண்டுபோனபோது அது பணக்காரர்கள் வாங்கும் பொருள். 1928-இல் லண்டன் ஹார்ல்ஸ்டனில் பீன்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள், 1959-இல் விகன் பக்கம் கிட் கிரீனில் பெரிய தொழிற்சாலை வந்தது, அதற்குள் மாதக் கடைசியில் கை கொடுக்கிற சாப்பாடாகவே ஆகிவிட்டது.

சமைப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பயறை லேசாக வேகவைத்து, சாஸோடு சேர்த்து டின்னில் அடைத்து மூடி, அப்புறம் டின்னோடு நீராவியில் வேகவைக்கிறார்கள். அதாவது வீட்டுக்கு வரும்போதே முழுதாக வெந்தாயிற்று. நாம் அடுப்பில் செய்வது வேகவைக்கும் வேலையே இல்லை, சாஸைச் சரிக்கட்டும் வேலை. இது புரிந்துவிட்டால் எந்த டின் வாங்குவது என்கிற கேள்வியின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

சரி, எந்த டின்? ஹைன்ஸ், பிரான்ஸ்டன், அப்புறம் டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், ஆல்டி, லிடில் போன்ற கடைகள் தங்கள் பெயரிலேயே விற்பவை என்று மூன்று கூட்டம். ஹைன்ஸ் சாஸ் கொஞ்சம் தளர்வு, இனிப்பு முன்னால் நிற்கும், மசாலா வாசனை பின்னால் லேசாக வரும். பிரான்ஸ்டன் சந்தைக்கு வந்தது 2005-இல். சாஸ் கெட்டி, தக்காளி ருசி அதிகம். அடுப்பே பற்றவைக்காமல் மைக்ரோவேவில் சூடு பண்ணி அப்படியே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு பிரான்ஸ்டனுக்கு, அதில் யோசனையே இல்லை. கடைகளின் சொந்த டின்கள் கடைக்குக் கடை மாறும், ஆனால் பொதுவாகச் சாஸ் தண்ணீர்ப்பதம். விலையோ, ஒரு ஹைன்ஸ் டின் காசுக்கு இவற்றில் இரண்டு, சில கடைகளில் மூன்றுகூட வாங்கலாம். 2022-இல் ஹைன்ஸ் விலையேற்றத்தை டெஸ்கோ ஏற்க மறுத்துச் சில நாள் அந்தக் கம்பெனிச் சரக்கே அந்தக் கடை அலமாரிகளில் குறைந்துபோனது நினைவிருக்கலாம்.

லேபிளில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பீன்ஸ் எத்தனை சதவீதம். நல்ல டின்னில் பாதியைத் தொட்டு நிற்கும். அதைவிட ரொம்பக் கீழே இறங்கினால் நீங்கள் வாங்குவது சாஸ். மற்றபடி சர்க்கரை, உப்பு, புரதம் எல்லாம் எல்லாச் சாதாரண டின்னிலும் ஏறக்குறைய ஒன்றுதான், விலை கூடியது என்பதற்காகச் சத்து கூடிவிடாது. பன்றிக் கொத்துக்கறி சாசேஜ் போட்ட டின்னும் அதே அலமாரியில் அதே நிறத்தில் நிற்கும், சைவக்காரர்கள் அவசரத்தில் கையை விட்டு எடுத்துவிட வேண்டாம்.

இப்போது என் கட்சி. மலிவான டின்னின் குறைகள் இரண்டு: சாஸ் தண்ணீர், ருசி தட்டை. இரண்டையும் அடுப்பில் சரி பண்ணலாம். அகலமான பாத்திரம் எடுங்கள், அகலம் இருந்தால்தான் தண்ணீர் சீக்கிரம் வற்றும். ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் பாதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஓரம் லேசாகச் சிவக்கும் வரை வதக்கி, தாராளமாக மிளகுத்தூள் போட்டு, அது வெண்ணெயில் பொரிந்த வாசனை வந்ததும் டின்னைக் கவிழ்த்து, மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் விடுங்கள். நடுவில் கரண்டியின் பின்புறத்தால் ஓரிரு கரண்டி பீன்ஸை மசித்துவிடுங்கள். பயறில் உள்ள மாவுச்சத்து இறங்கிச் சாஸ் தானாகக் கெட்டியாகிவிடும். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கொதிக்க விடாதே என்று ஹைன்ஸ் டின்னில் எழுதியிருப்பார்கள். தளதளவென்று கொதித்தால் பீன்ஸ் உடைந்து ருசி கெடும் என்பது அவர்கள் கணக்கு. தளதளவென்று வேண்டாம்தான், ஆனால் ஓரத்தில் மெல்லக் குமிழ் விட்டு வற்றினால் ஒன்றும் கெட்டுவிடாது, எனக்கு நாலு பீன்ஸ் உடைந்தால்தான் பிடிக்கும்.

கடைசியில் புளிப்பு அவசியம். டின் சாஸில் இனிப்பு தூக்கலாக இருப்பதால், அரைத் தேக்கரண்டி வினிகரோ நாலு சொட்டு எலுமிச்சையோ விட்டால் மொத்தச் சாப்பாடும் நிமிர்ந்து உட்காரும். பிரிட்டிஷ்காரர்கள் இந்த இடத்தில் வூஸ்டர் சாஸ் என்கிற புளிப்பான கருஞ்சாஸ் விடுவார்கள். அதில் பெயர்பெற்ற லீ அண்ட் பெரின்ஸ் பாட்டிலில் நெத்திலி வகை மீன் இருக்கிறது என்பது பல சைவக்காரர்களுக்குத் தெரியாது. ஷெஃபீல்டில் தயாராகும் ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் மீன் இல்லாமல் அதே வேலையைச் செய்யும், வடக்கே இருப்பவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும். உப்பு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

டின் பீன்ஸே வேண்டாம், அந்த இனிப்பே ஆகவில்லை என்பவர்களுக்கு அடுத்த வழி, தண்ணீரில் மட்டும் போட்டு வரும் ஹாரிகாட் அல்லது கேனலினி (இன்னொரு வெள்ளைப் பயறு) டின். 400 கிராம் டின்னை வடித்தால் சுமார் 240 கிராம் பயறு தேறும். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், இரண்டு பல் பூண்டு வதக்கி, நறுக்கிய தக்காளி டின்னில் பாதியை ஊற்றி, அது எண்ணெய் பிரிகிற அளவுக்கு வதங்கியதும் வடித்த பயறைப் போட்டு இன்னும் பத்து நிமிடம். மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். உப்பும் சர்க்கரையும் உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் இதன் பெரிய லாபம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் டின் தக்காளி புளிக்கும், ஒரு சிட்டிகை சர்க்கரையாவது கேட்கும். அப்புறம் இன்னொன்று, வெளிவருவது நல்ல சாப்பாடாக இருக்கும், ஆனால் பீன்ஸ் ஆன் டோஸ்ட் ருசி இருக்காது. இத்தாலிப் பக்கம் போய்விடும். டின் பீன்ஸுக்கு ஏங்கிக்கொண்டு இதைச் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

காய்ந்த பயறை வாங்கி ஊறவைத்து முதலிலிருந்து செய்வது? காசுக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை, அரைக் கிலோ பயறு வெந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். ஆனால் அவசரச் சாப்பாடு என்கிற பேச்சே அங்கே முடிந்துவிடுகிறது, முந்தின இரவே ஊறப்போட வேண்டும். குக்கர் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஊறிய பயறு குக்கரில் கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும், குக்கர் இல்லாத வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். தக்காளியைப் பயறு முழுதாக வெந்தபின்தான் சேர்க்க வேண்டும். புளிப்பு பட்டால் பயறின் தோல் இறுகிக்கொண்டு, நீங்கள் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் நடுவில் மொறுக்கென்று நிற்கும். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவது கூடவே கூடாது. இந்த இனப் பயறுகளில், முக்கியமாக ராஜ்மாவில், இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்கிற பொருள் வயிற்றைப் புரட்டிவிடும். அது போக வேண்டுமானால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும், ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் போடுகிற ஆள் என்றால் இது உங்களுக்கான வழி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பிரெட்டுக்கு வருவோம், நிஜமான சண்டை இங்கேதான். பீன்ஸ் ஆன் டோஸ்ட் சொதப்புவது பத்துக்கு எட்டுத் தடவை பீன்ஸால் கிடையாது, நொசநொசத்துப்போன பிரெட்டால். வார்பர்டன்ஸ், ஹோவிஸ், கிங்ஸ்மில் போன்ற வெள்ளை ஸ்லைஸ் பிரெட்டின் மென்மைக்குக் காரணம் 1961-இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் கண்டுபிடித்த அதிவேக மாவு பிசையும் முறை. மெத்தென்று இருக்கும், அதே காரணத்தால் சாஸையும் மளமளவென்று உறிஞ்சிக்கொள்ளும். நடுத்தர ஸ்லைஸ் இரண்டு நிமிடம் தாங்காது. வெள்ளை பிரெட்தான் வேண்டும் என்றால் டோஸ்டி என்று போட்டிருக்கும் தடிமன் ஸ்லைஸ் வாங்குங்கள், நினைப்பதைவிட ஒரு படி கூடுதலாகவே சிவக்க விடுங்கள். டோஸ்டரிலிருந்து எடுத்ததும் தட்டில் படுக்கப் போடாதீர்கள், அதன் ஆவியிலேயே அடிப்பக்கம் நனைந்துவிடும். அரை நிமிடம் நிமிர்த்தி வைத்து ஆவி போனபின், வெண்ணெயை நடுவில் ஒரு கட்டியாக வைக்காமல் ஓரம் வரைக்கும் தடவுங்கள். ருசி ஒருபக்கம் இருக்கட்டும், கொழுப்புப் படலம் இருந்தால் சாஸ் உள்ளே இறங்கத் தாமதமாகும்.

புளிக்கவைத்த மாவில் செய்யும் சவர்டோ பிரெட் இந்த வேலைக்குப் பலசாலி. ஓரம் கடினம், உள்ளே மெல்லக் கடிக்க வேண்டிய பதம், கடைசி வாய் வரை தாங்கும், அதன் புளிப்பு டின் சாஸின் இனிப்புக்கு நல்ல ஜோடியும்கூட. குறை என்றால் விலை, அப்புறம் பெரிய ஓட்டைகள் உள்ள ஸ்லைஸ் வந்தால் சாஸ் எல்லாம் கீழே ஒழுகித் தட்டில் நிற்கும். கத்தியும் வேண்டும், கையால் பிய்த்துச் சாப்பிடுகிற சுகம் போய்விடும். நான் நடுவில் நிற்பேன்: விதை போட்ட கோதுமை பிரெட், தடிமனாக. நார்ச்சத்து கூடுகிறது, வயிறு நிறைகிறது, சவர்டோ அளவுக்குத் தாங்காவிட்டாலும் ஒரு சாப்பாட்டு நேரம் தாங்கும், விலையும் கையைக் கடிக்காது. டோஸ்டர் இல்லாத அறை என்றால் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சுட்டெடுங்கள். உண்மையைச் சொன்னால் அது டோஸ்டரைவிட ருசி.

வரிசையும் முக்கியம். பீன்ஸ் பதமான பிறகுதான் பிரெட்டை டோஸ்டரில் போட வேண்டும். பீன்ஸ் காத்திருக்கும், டோஸ்ட் காத்திருக்காது. கொட்டும்போது நடுவில் குவித்து ஓரங்களைச் சும்மா விட்டால் மொறுமொறுப்பு கொஞ்சம் மிஞ்சும். பீன்ஸைத் தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடுகிற கோஷ்டியும் உண்டு, அவர்களோடு எனக்குத் தகராறு இல்லை, ஆனால் கொஞ்சம் ஊறி கொஞ்சம் ஊறாமல் இருக்கிற அந்த நடுப்பகுதியை அவர்கள் இழக்கிறார்கள்.

மேலே என்ன போடுவது என்பதில் சீஸா முட்டையா என்பது பசியைப் பொறுத்தது. சீஸ் என்றால் நன்றாக முதிர்ந்த மெச்சூர் செடார், முதிராத மைல்ட் வேண்டாம், இனிப்புச் சாஸுக்கு எதிரே அது காணாமல் போய்விடும். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், கட்டியாக வாங்கி நாமே துருவினால் நன்றாக உருகும். எல்லோரும் பீன்ஸ் மேல் தூவுவார்கள். நான் கீழே போடச் சொல்வேன், சூடான டோஸ்ட் மேல் சீஸ், அதன் மேல் பீன்ஸ். சீஸ் உருகி ஒரு பூச்சு மாதிரி ஆகி பிரெட்டைக் காப்பாற்றும், கிரில் பற்றவைக்கும் வேலையும் மிச்சம். நல்ல பசி என்றால் அதற்கும் மேல் மஞ்சள் கரு உடையாத ஆஃபாயில் ஒன்று.

கணக்குப் பார்த்தால், பாதி டின் பீன்ஸில் கிட்டத்தட்ட 10 கிராம் புரதம், இரண்டு ஸ்லைஸ் பிரெட்டில் 7 அல்லது 8, 30 கிராம் செடாரில் 7, முட்டையில் 6 சொச்சம். எல்லாம் சேர்த்தால் 30 கிராமைத் தொடுகிறது, கறி இல்லாமல். பயறில் குறைவாக உள்ள அமினோ அமிலம் கோதுமையிலும், கோதுமையில் குறைவாக உள்ளது பயறிலும் இருப்பதால் பருப்பும் சோறும் சேர்வது போன்ற ஜோடி இது. ஒரு நாளைக்கு ஐந்து பங்கு காய் பழம் என்கிற பிரிட்டிஷ் கணக்கில், மூன்று பெரிய கரண்டி பீன்ஸ் ஒரு பங்கு. எவ்வளவு சாப்பிட்டாலும் பயறு ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராது. மறுபக்கமும் உண்டு: பாதி டின்னில் 9, 10 கிராம் சர்க்கரை, 1.2 கிராம் பக்கம் உப்பு. பிரெட், சீஸ், வெண்ணெயில் உள்ள உப்பையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 6 கிராம் என்கிற வரம்பில் பாதியை நெருங்கிவிடுவீர்கள். உப்பைத் தொடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான். சர்க்கரை, உப்பு குறைத்த டின்களும் கிடைக்கின்றன, மிளகும் வெங்காயமும் போட்டு வற்றவைக்கப் போகிற ஆளுக்கு அந்த டின்னிலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மைக்ரோவேவ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டின்னோடு உள்ளே வைக்கக் கூடாது, கிண்ணத்தில் கொட்டி மூடி இரண்டு மூன்று நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளற வேண்டும், இல்லாவிட்டால் பீன்ஸ் வெடித்துச் சுவரெல்லாம் ஆரஞ்சாகும். சாஸ் வற்றாது. நாலு பேர் அடுப்புக்கு வரிசையில் நிற்கும் ஹாஸ்டலில் வேறு வழியில்லை, அங்கே கெட்டிச் சாஸ் டின்னுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

தாளித்தால் என்ன என்று கேட்பீர்கள். தாராளமாக. லண்டனில் ஈழத்தமிழர் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிற விஷயம்: கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் கறித்தூள், அதன் மேல் டின். டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கம் இருப்பவர்களுக்குக் கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை. இதற்கு மலிவான டின்தான் சரி, காரம் ஏறியதும் அந்த இனிப்பு ஒரு குறையாகவே தெரியாது, விலை கூடிய டின்னின் மெல்லிய மசாலா வாசனை கறித்தூளில் எப்படியும் அமுங்கிப்போகும். ஆனால் சீஸை விட்டுவிடுங்கள், கறித்தூளும் செடாரும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். முட்டை பொருந்தும். பிரெட்டும் சாதாரண வெள்ளை பிரெட்டாகவே இருக்கட்டும், இந்தச் சாஸுக்கு ஊறின பிரெட்தான் ருசி என்று எனக்குப் படுகிறது, மேலே டோஸ்ட் பற்றி அவ்வளவு பேசியதற்கு இது விலக்கு.

தனியாக இருப்பவர்களுக்குப் பாதி டின் மிஞ்சும். 200 கிராம் சின்ன டின்கள் இதற்காகவே விற்கின்றன, கிராம் கணக்கில் பார்த்தால் விலை அதிகம். பெரிய டின்னையே வாங்கி, மீதியைத் திறந்த டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்காமல் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றினால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் பிரெட் தீர்ந்திருந்தால், பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை முள்கரண்டியால் குத்தி மைக்ரோவேவில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து, பிளந்து, வெண்ணெய் போட்டு, அதன் மேல் கொட்டிக்கொள்ளுங்கள்.